குரங்குக் குல்லாவும் யாரும் செய்யாத ஐஸும்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் நடந்தது போன ஆனி மாதம். அதனால் போன ஆனி மாதத்தில் என்றே வைத்துக்கொள்வோம்.

நாகப்பட்டினத்தில் ஒரு குரங்குக் குல்லா இருந்தது. காப்பி நிறம், கம்பளி நூல், உச்சியில் ஒரு குஞ்சம். மாட்டிக்கொண்டால் கண், மூக்கு, வாய் மட்டும் வெளியே தெரியும். மற்றதெல்லாம் குல்லாவின் பொறுப்பு. வருஷத்தில் பதினோரு மாதம் அது பீரோவின் கீழ்த்தட்டில் ஓர் அந்துருண்டையோடு தூங்கும். மார்கழி பிறந்ததும் எழுந்து, சிங்காரவேலுவின் தலையில் ஏறி, விடியற்காலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வரும்.

நாகப்பட்டினத்து மார்கழிக் குளிர் எவ்வளவு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு டிகிரி. உலகத்தில் சில ஊர்களில் அந்தச் சூட்டுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வார்கள். நம் ஆட்களுக்கோ அது போதும், மூக்கு ஒழுகவும் காது அடைக்கவும்.

குல்லாவுக்கு இதில் அசாத்தியப் பெருமை. "வருஷா வருஷம் குளிரு என்கிட்ட வந்து மோதுது. தை பொறந்தா தலைதெறிக்க ஓடிடுது. யாரால? எல்லாம் என்னாலதான்" என்று அந்துருண்டையிடம் சொல்லும்.

அந்துருண்டை அதிகம் பேசாது. பேசப் பேசக் கரைந்துவிடுவோமோ என்று அதற்குப் பயம். "சரி" என்று மட்டும் சொல்லும்.

குல்லாவின் முதலாளி சிங்காரவேலு ஐஸ் கம்பெனி நடத்தியவர். முப்பது வருஷம் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பார் போட்டுக் கொடுத்தார். தண்ணீரை அச்சில் ஊற்றி, உறைய வைத்து, சாக்கில் சுற்றி அனுப்புவது தொழில். கம்பெனியைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோது, மனைவி தையல்நாயகியிடம், "ஒனக்கு என்ன வேணும், கேளு" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஐஸத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் தையல்நாயகி. "எல்லாம் நீங்க செஞ்ச ஐஸு. யாரும் செய்யாத ஐஸுன்னு ஒன்னு இருக்காமே, மலையாட்டம்? அதை ஒருக்கா கண்ணால பாக்கணுங்க."

காசி, ராமேஸ்வரம் என்று எதிர்பார்த்திருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கேள் என்று சொன்னவர் அவர்தானே. அமெரிக்காவில் இருந்த மகள், அலாஸ்கா பக்கம் போகும் ஒரு சின்னக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்தாள். நாற்பது பேருக்கு மேல் ஏற்றாத கப்பல். பெரிய கப்பல் நுழைய முடியாத சந்துபொந்துகளில் எல்லாம் நுழைந்து, பனியாறு கடலில் வந்து விழும் இடத்தைப் பக்கத்திலிருந்து காட்டும். வழியில் திமிங்கிலம், கழுகு, கடல்நாய் எல்லாம் உண்டு.

பெட்டியில் முதலில் ஏறியது ஊறுகாய். இரண்டாவது குல்லா. "வந்து சேர்றேன். அங்க உள்ள குளிரையும் ஒரு கை பாத்துட்டு வர்றேன்" என்று அந்துருண்டையிடம் சொல்லிக்கொண்டது.

"சரி" என்றது அந்துருண்டை.

கப்பலில் ஏறிய இரண்டாம் நாளே தையல்நாயகி படியில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. கணுக்கால் மட்டும் பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கிவிட்டது. அவர்களுடைய அறை அடித்தளத்தில் இருந்தது. அதன் வட்ட ஜன்னலில் அலையும் நுரையும்தான் தெரியும். மேல்தளத்துக்குப் போக வேண்டுமானால் செங்குத்தாக இரண்டு ஏணிப்படி ஏற வேண்டும்.

கப்பல்காரர்கள் நல்லவர்கள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, "உட்காருங்கள் அம்மா, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று சைகையில் காட்டினார்கள்.

தையல்நாயகி அந்த நாலு பேரையும் எண்ணிப் பார்த்தாள். "நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நாளு இருக்குன்னு சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று சிங்காரவேலு ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் "நோ, தேங்க்யூ" என்றார். நாற்காலி திரும்பிப் போயிற்று. தையல்நாயகி அன்று முழுக்க வட்ட ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அழவில்லை. அழுதால் சிங்காரவேலு நாற்காலியைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அறைக் கதவின் கொக்கியில் கப்பல்காரர்கள் கொடுத்த சிவப்பு ஜாக்கெட் ஒன்று தொங்கியது. பக்கத்திலேயே குல்லாவும் தொங்கியது. பொருள்களுக்கு எல்லா மொழியும் தெரியும். மனிதர்களுக்குத்தான் அந்தச் சிக்கல்.

"மன்னிக்க வேண்டும், இது என்ன வாசனை?" என்றது ஜாக்கெட்.

"அந்துருண்டை. எங்க ஊரு சென்ட்டு" என்றது குல்லா.

"ஓ. முகத்தில் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை? கிழிந்துவிட்டதா?"

"நான் யாருன்னு தெரியாம பேசுற. இருபத்திரண்டு டிகிரி குளிரைத் தன்னந்தனியா வெரட்டினவன் நான்."

ஜாக்கெட் பண்புள்ள ஜாக்கெட். சிரிப்பை ஜிப்புக்குள் அடக்கிக்கொண்டது.

நாலாம் நாள் காலையில் கப்பல் பனியாற்றின் முன்னால் வந்து நின்றது. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் பேசினாள். "இந்தப் பனியாறு வருஷா வருஷம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் வந்தபோது, அதோ அந்தக் கறுப்புப் பாறை வரைக்கும் இருந்தது."

குல்லா கொக்கியில் ஒரு குலுங்கு குலுங்கியது. "கேட்டியா? கேட்டியா? பின்வாங்குதாம்! நான் வர்றேன்னு யாரு போய்ச் சொன்னாங்களோ!"

ஜாக்கெட் என்னமோ சொல்ல வாயெடுத்தது. குல்லாவின் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

பனிக்கு நடுவே பயணிகளை ரப்பர் படகில் கூட்டிப் போவார்கள். சிங்காரவேலு நானும் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். தையல்நாயகி ஒரு முறை முறைத்தாள். அவர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டார். அவளே குல்லாவை அவர் தலையில் மாட்டி, குஞ்சத்தை நேராக்கினாள்.

"எக்காரணம் கொண்டும் இதைக் கழட்டாதீங்க. காது அடைச்சிக்கும். அப்புறம்..." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "ஒரு துண்டாவது கொண்டாந்து காட்டுங்க."

"கொண்டாரேன் தையலு. போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாங்க."

படியேறும்போது ஜாக்கெட் மெல்லக் கேட்டது. "போகிறேன் என்று சொன்னால் போதாதா? எதற்கு இந்த 'வர்றேன்'?"

"எங்க ஊருல யாரும் வெறுமனே 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க. அது அமங்கலம்" என்றது குல்லா. "கடைக்குப் போனாலும் சரி, கடலுக்குப் போனாலும் சரி, 'போயிட்டு வர்றேன்'தான்."

"வர முடியாமல் போனால்?"

"அது எப்படி? சொல்லியாச்சுல்ல? சொல்லிட்டா வரணும்."

படகு போய் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு மலை முழுவதும் ஐஸாக நின்றது. வெள்ளை, நீலம், நடுநடுவே அழுக்குக் கோடு. எங்கிருந்தோ இடி இடித்த மாதிரி சத்தம் வந்தது. கோபுரம் உயரத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து கடலில் விழுந்தது. அதற்கப்புறம்தான் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. சிங்காரவேலு தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் தான் செய்ததெல்லாம் சொப்பு விளையாட்டு என்று அவருக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

குல்லாவின் பின்னலில் கண்ணி கண்ணியாக ஊசி நுழைந்த மாதிரி குளிர் ஏறியது. ஆனாலும் வாயை விடவில்லை. "பாத்தியா, பயத்துல இடிஞ்சு விழுது" என்று ஜாக்கெட்டிடம் சொன்னது. பல் இருந்திருந்தால் தந்தியடித்திருக்கும்.

வழிகாட்டிப் பெண் மிதந்துவந்த ஒரு பனித்துண்டை வலையால் அள்ளினாள். தேங்காய் அளவு இருந்தது. எட்டுப் பேர் கைமாற்றி, எட்டுப் பேரும் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் சிங்காரவேலுவிடம் வந்தபோது மாங்காய் அளவுதான் மிச்சம். பெண் அதைக் கடலில் விடக் கை நீட்டினாள்.

"மை ஒய்ஃப்" என்றார் சிங்காரவேலு. கீழே, படுத்திருக்கிறாள், கால், என்று கையாலேயே மிச்சத்தைச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. தலையாட்டினாள்.

கப்பலுக்குத் திரும்பப் பத்து நிமிஷம் போதும். ஆனால் திரும்பும் வழி ஒரு குறுகிய சந்து. அதன் வாயில் மிதந்த பனிப்பாளத்தின்மேல் ஒரு கடல்நாயும் அதன் குட்டியும் ஏறிப் படுத்திருந்தன. கடல்நாய் படுத்திருந்தால் கிட்டே போகக் கூடாது. அது தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம். பெண் மோட்டாரை அணைத்தாள்.

"நாயாம், கொரைக்கவே காணோம்" என்றது குல்லா.

குட்டி அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கியது. உருண்டையாக, காப்பி நிறமாக, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற ஒரு தலை படகில் இருப்பதைக் கண்டது. "அம்மா! அதோ பாரு, மாமா!"

அம்மா உற்றுப் பார்த்தது. "முகம் நம்ம சாயல்தான். ஆனா நம்ம குடும்பத்துல யாருக்கும் செவப்பு உடம்பு கிடையாதே. இரு, யாருன்னு பாத்துட்டுப் போவோம்."

பார்த்தன. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. இரண்டும் அசைவதாகக் காணோம். சிங்காரவேலுவின் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மாங்காய் இப்போது கொய்யாக்காய் ஆகிவிட்டது. ஐஸ் பற்றி அவரை ஏமாற்ற முடியாது. இது இன்னும் அரை மணி தாங்காது என்று ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிட்டார். அத்தனை தூரம் கூட்டிவந்து, வட்ட ஜன்னலில் நுரையைக் காட்டி, வெறுங்கையோடு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது?

கை பழக்கதோஷத்தில் ஒரு சாக்கைத் தேடியது. ரப்பர் படகில் சாக்குக்கு எங்கே போவது? ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு காதையும் நினைத்துக்கொண்டு, குல்லாவைத் தலையிலிருந்து உருவினார்.

"அம்மா! மாமா தலையைக் கழட்டிட்டாரு!" என்று அலறியது குட்டி. மறு நொடியில் இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. வழி கிடைத்தது. மோட்டார் கிளம்பியது.

சிங்காரவேலு பனித்துண்டைக் குல்லாவுக்குள் போட்டுச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

குல்லாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அநியாயம்! பிறந்ததுலேருந்து இப்பத்தான் ஒரு நெசமான குளிரைப் பாக்குறேன். சண்டைக்கு நடுவுல கழட்டி, எதிரியையே எடுத்து என் வயித்துல போட்டுட்டாரே! ஏய், நீ உருகிடுவ. என்கிட்ட அவ்வளவு சூடு இருக்கு, சொல்லிட்டேன்."

"எங்கே? கொஞ்சம் காட்டு" என்றது பனித்துண்டு. அதன் குரல் மெல்லிசாக, அவசரமே இல்லாமல் இருந்தது.

குல்லா தனக்குள் தேடியது. சிங்காரவேலுவின் தலைச் சூடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நூலும் ஓட்டையும்தான். வேறு ஒன்றையும் காணோம்.

"அப்ப இத்தனை மார்கழியும்..." என்றது குல்லா. "அவரு சூட்டைத்தான் அவருக்கே வச்சுக் காட்டிக்கிட்டிருந்தேனா?"

"அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? போக இருந்ததைப் போகாமல் பிடித்து வைத்தாய். என்னையும் அப்படியே பிடி."

குல்லா மெல்லச் சொன்னது. "என்னைக் கண்டு பின்வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

"நீ யார் என்றே எங்களுக்குத் தெரியாது" என்றது துண்டு, கோபமில்லாமல். "நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்."

குல்லாவுக்கு அந்துருண்டையிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மானம் போயிற்று. ஆனால் மானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு சொட்டாக அதன் நூலில் இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கியது. போகாதே, போகாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிருக்காகப் பயந்தது.

அறைக்குள் நுழைந்ததுமே தையல்நாயகி ஆரம்பித்துவிட்டாள். "காது ரெண்டும் செவந்து கெடக்கு! குல்லா எங்கங்க? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே..."

சிங்காரவேலு குல்லாவை அவள் மடியில் வைத்தார். அவள் பிரித்தாள்.

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு துண்டு. கண்ணாடி மாதிரி. வட்ட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடுவுல வெள்ளையே இல்லையே?"

"நானும் முப்பது வருஷம் பாத்துட்டேன். நம்ம ஐஸ் பாருல அந்த நடு வெள்ளை கடைசி வரைக்கும் போகல" என்றார் சிங்காரவேலு.

"நீங்க படகுக்காரன் வாசல்ல நிக்கிறானேன்னு அவசர அவசரமா உறைய வச்சீங்க. இதுக்கு யாரும் நிக்கல பாருங்க."

காதருகே வைத்துக் கேட்டாள். சடசடவென்று மெல்லிய சத்தம் வந்தது. என்றைக்கோ உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஒவ்வொரு பொட்டாக வெடித்து வெளியே வந்தது. "என்னமோ பேசுதுங்க!" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அது குல்லாவோடுதான் பேசிக்கொண்டிருந்தது.

"நேரமாகிவிட்டது. போகிறேன்" என்றது துண்டு.

"ஐயையோ! அப்படிச் சொல்லாத" என்று பதறியது குல்லா. "போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

"வருவேனா?"

வாயாடிக் குல்லா குஞ்சத்தைத் தொங்கப் போட்டது. "தெரியல" என்றது. "ஆனா நீ சொல்லு. சொல்லிட்டா வரணும்."

"வருகிறேனா இல்லையா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?"

"நான் இருக்கேன். நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

துண்டு அந்தப் புது வார்த்தையை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தது. பிறகு நாகப்பட்டினத்து உச்சரிப்பிலேயே, கொஞ்சம் தடுமாறி, "போயிட்டு வர்றேன்" என்றது.

தையல்நாயகிக்கு இதெல்லாம் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் உள்ளங்கையில் கடைசிப் பொட்டு கரைந்தபோது, வாசலில் நின்று யாரையோ அனுப்புகிறவள் மாதிரி, "போயிட்டு வா" என்றாள். ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னங்க, கப்பலு இன்னும் கெளம்பலைல்ல?" என்றாள்.

"இல்ல."

"அந்த நாற்காலிய கொண்டாரச் சொல்லுங்க. நாலு பேரு வேணாம். மூணு பேரு போதும்."

மூன்று பேர் ஒரு நாற்காலியைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இரண்டு ஏணிப்படியையும் அவள் நாற்காலியோடு ஒருக்களித்தபடியே ஏறினாள். நாலாவது ஆள் உதவிக்கு வந்தபோதெல்லாம் அந்த அம்மாள் ஏன் கையை ஓங்குகிறாள் என்று கப்பல்காரர்களுக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் கப்பல் திரும்புவதற்குள் அவள் பனியாற்றை, யாரும் செய்யாத ஐஸை, கண் கொண்ட மட்டும் பார்த்துவிட்டாள்.

குல்லா கொக்கியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. "அழுகிறாயா?" என்று கேட்டது ஜாக்கெட். "ஈரம்" என்றது குல்லா. ஜாக்கெட் பண்புள்ள ஜாக்கெட். மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்கழி பிறந்தது. குல்லா பீரோவின் கீழ்த்தட்டில் விழித்துக்கொண்டு படுத்திருந்தது. பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. யாரும் கதவைத் திறக்கவில்லை. வெளியே தையல்நாயகியின் குரல் கேட்டது. "என்னங்க இது, பாதி மார்கழி ஆயிடுச்சு, இன்னும் ஃபேன் போடாம படுக்க முடியல?"

அந்துருண்டை போன வருஷத்துக்கு இந்த வருஷம் பாதியாகியிருந்தது. இவ்வளவு நாளாகச் 'சரி' என்பதற்கு மேல் பேசாதது, அன்று வாயைத் திறந்தது.

"குளிரு வரவே இல்ல. நீ ஜெயிச்சுட்ட போலிருக்கே."

"வாய மூடு" என்றது குல்லா, பீரோ இடுக்கில் காதை வைத்தபடி. "அது 'போறேன்'னு சொல்லிட்டுப் போகல."